எழுவர் திரும்பினர், உழவர் தோற்றனர்

புகழ்பெற்ற ஒரு திரைப்படத்திற்குத் தொடர்ச்சி வெளிவரும்போது அதனை எவ்வாறு மதிப்பிடுவது? இது எளிய வினாவாகவே தோன்றும். ஆனால் படக்கொட்டகையை விட்டு வெளியே வரும் கூட்டத்தின் பேச்சைச் சற்றுக் காதில் வாங்கினால், இதற்கு முறையான விடை காண்போர் மிகச் சிலரே என்பது விளங்கும். ‘பழைய படம்போல் இல்லை’ என்பர் ஒரு சாரார். ‘பழைய படத்தையே திரும்ப எடுத்து வைத்திருக்கிறார்கள்’ என்பர் மற்றொரு சாரார். மாறினால் மாறிற்று என்று குறை. மாறாவிடில் மாறவில்லை என்று குறை. இவ்வாறு பேசுவோர் தம் நெஞ்சிற் பதிந்துவிட்ட பழைய படத்தின் மீதுள்ள பற்றினையே வெளியிடுகின்றனர். பற்று நல்லதுதான். எனினும் அது துலாக்கோல் ஆகாது.

அவ்வாறாயின் துலாக்கோல் எது? அதனை ஒரு வழக்கின் வாயிலாகவே காண முயல்வோம். 1960ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் சுவைஞர்களின் உள்ளத்தைக் கவர்ந்த ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ என்னும் கௌபாய்ப் படமும், அதற்குத் தொடர்ச்சியாக 1966இல் வெளிவந்த ‘ரிட்டர்ன் ஆஃப் த செவன்’ என்னும் படமும் நம் வழக்கிற்குப் பொருந்துவன. முன்னதை முதற்படம் என்றும் பின்னதை வழிப்படம் என்றும் இங்குக் குறிப்போம்.

முடிபு என்னும் அளவுகோல்

வழிப்படம் என்னும் பெயரைக் காரணத்தோடுதான் சூட்டுகிறோம். நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். வழிநூலுக்கு நன்னூலார் கூறும் இலக்கணத்தில் இரண்டு கூறுகள் உண்டு. முன்னோர் நூலின் முடிபோடு அது ஒத்திருத்தல் வேண்டும். அதே வேளையில், பின்வந்தோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் அதிற் கூறலாம். கதையையோ மாந்தரையோ அவர் முன்னிறுத்தவில்லை. முடிபினையே முன்னிறுத்தினார். முன்னவன் எதனை நிலைநாட்டி முடித்தானோ, அதனைப் பின்னவன் இடிக்கலாகாது. அதன்மேல் வேறு மாடம் எழுப்பிக் கொள்ளலாம்.

சிலம்பையும் மேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்கிறோம். கோவலனின் சாவை மணிமேகலை அழித்தெழுதவில்லை. அச்சாவினின்றே மாதவியின் துறவும், அவள் மகளின் துறவும் கிளைக்கின்றன. துயரம் துயரமாகவே இருக்க, அதிலிருந்து வேறோர் அறம் பிறக்கிறது. இவ்வளவுகோலைத்தான் இன்று நாம் திரைப்படத்தின்மீது வைத்துப் பார்க்கப் போகிறோம். முதற்படத்தின் முடிபு யாது? வழிப்படம் அதனை என்ன செய்தது? இவ்விரு வினாக்களே போதும்.

முதற்படம் நிலைநாட்டியது

முதற்படத்திற்கும் ஒரு மூலம் உண்டு. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா 1954இல் படைத்த ‘ஏழு சாமுராய்’ என்னும் 207 நிமிட ஓவியமே அது. அதனை மெக்சிக்கோ எல்லைக்குப் பெயர்த்து வந்தவர் ஜான் ஸ்டர்ஜஸ். கல்வேரா என்னும் கொள்ளைத் தலைவன் ஆண்டுதோறும் ஒரு சிற்றூரின் விளைச்சலை அள்ளிச் செல்கிறான். ஊரார் தம்மிடமுள்ள விலையுள்ள பொருள்களையெல்லாம் திரட்டிக்கொண்டு துப்பாக்கி வாங்க எல்லை கடந்து வருகின்றனர். துப்பாக்கியைவிடத் துப்பாக்கி ஏந்தும் ஆள் மலிவு என்று கிறிஸ் அவர்களுக்கு எடுத்துரைக்கிறான். 6 வாரத்திற்கு 20 டாலர் கூலி. அந்தக் கூலிக்கு எழுவர் சேர்கின்றனர்.

எழுவரும் எழுவகை. கிறிஸாக யூல் பிரின்னர், வின்னாக ஸ்டீவ் மெக்குவீன், காலை உணவிற்காக விறகு பிளக்கும் பெர்னார்டோவாகச் சார்லஸ் பிரான்சன், பேசாமலே வெல்லும் கத்தி வீரன் பிரிட்டாக ஜேம்ஸ் கோபர்ன், துணிவிழந்து உறக்கத்தில் அலறும் லீயாக ராபர்ட் வான், எங்கோ பொன் புதைந்திருக்கிறது என நம்பும் ஹாரியாகப் பிராட் டெக்ஸ்டர், வீரனாகத் துடிக்கும் இளைஞன் சிக்கோவாக ஹார்ஸ்ட் புக்ஹோல்ஸ். ஒவ்வொருவரும் தம் குறையோடு வருகின்றனர். நால்வர் அச்சிற்றூரின் மண்ணிலேயே வீழ்கின்றனர். எல்மர் பெர்ன்ஸ்டைனின் இசையை, படத்தைப் பாராதவரும் கேட்ட அளவில் அறிவர்.

ஆனால் இப்படம் எழுவரின் வீரத்தை மட்டும் பாடவில்லை. அதுதான் நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம். ஊராரைக் குறித்துக் கல்வேரா ஒரு கருத்தினைக் கூறுகிறான். இவர்கள் ஆடுகள், மயிர் கத்தரிக்கப்படுவதற்கென்றே ஆண்டவனால் படைக்கப்பட்டவர்கள் என்பது அவன் கொள்கை. படம் முழுவதும் இக்கொள்கைக்குக் கூறப்படும் மறுப்புரையே எனலாம். சிறுவர் தம் தந்தையரைக் கோழைகள் என இகழும்போது, பெர்னார்டோ சினந்து ஒரு சிறுவனை அடித்தே விடுகிறான். துப்பாக்கி தூக்குவது எளிது. மனைவி மக்களின் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பயன் உறுதியில்லாத மண்ணில் நாளெல்லாம் உழைப்பதே பெருந்துணிவு என்று அவர்களுக்கு உணர்த்துகிறான். கூலிக்கு வந்த வீரன் உழவனுக்குத் தலைவணங்கும் இடம் அது.

ஊராரில் ஒருவன் காட்டிக் கொடுத்ததும், எழுவரும் துப்பாக்கி பறிக்கப்பட்டு ஊரைவிட்டு விரட்டப்படுவதும் உண்மை. உழவரைத் தேவராகத் தீட்டவில்லை படம். ஆயினும் எழுவர் திரும்பி வந்து இறுதிப் போர் மூண்டபோது நிகழ்வது என்ன? அதுவரை அஞ்சிக் கிடந்த மக்கள் கோடரியையும் அரிவாளையும், கைக்கு அகப்பட்ட நாற்காலியையும் தூக்கிக்கொண்டு கொள்ளையர்மீது பாய்கின்றனர். அந்த ஒரு காட்சியில் ஆடுகள் மனிதராகின்றன. கல்வேரா சாகும் தறுவாயில், இத்தகைய ஓர் ஊருக்கு உன்னைப் போன்ற ஒருவன் ஏன் திரும்பி வந்தான் என்று கிறிஸை வினவுகிறான். விடை பெறாமலே மடிகிறான். அவனுக்கு விடை சொன்னாலும் விளங்கியிராது.

முடிவில் ஊர்ப் பெரியவர் எழுவரை, வெட்டுக்கிளிகளை அடித்துச் சென்றுவிடும் காற்றுக்கு ஒப்பிடுகிறார். காற்று கடந்து போகும். நிலமும் நிலத்தை உழுபவனும் நிற்பார்கள். சிக்கோ துப்பாக்கிக் கச்சையைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்ராவின் அருகே மக்காச்சோள வேலைக்கு அமர்கிறான். வென்றவர் உழவரே, தாமோ என்றும் தோற்பவர் என்று உணர்ந்தவனாய்க் கிறிஸ் வின்னுடன் குதிரையைத் தட்டி விடுகிறான். குரோசவாவின் படமும் நாற்று நடும் பாட்டின் நடுவே இதே உண்மையோடுதான் நிறைவுறுகிறது. ஆகவே முதற்படத்தின் முடிபு இதுவே: வெற்றி உழவருடையது, அது நால்வரின் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்டது.

வழிப்படம் செய்தது

ஆறு ஆண்டுகள் கழிந்தன. இயக்குநர் பொறுப்பினைப் பர்ட் கென்னடி ஏற்றார். கதை வசனத்தை லேரி கோயன் எழுதினார். படம் ஸ்பெயின் நாட்டிற் பிடிக்கப்பட்டது. பழைய எழுவரில் மீண்டும் நடிக்க வந்தவர் யூல் பிரின்னர் ஒருவரே. வின்னாக ராபர்ட் ஃபுல்லரும், சிக்கோவாக ஹூலியான் மத்தேயோசும் தோன்றினர்.

கதை சுருக்கமானது. துப்பாக்கி ஏந்திய கூட்டம் ஒன்று அதே சிற்றூருக்குள் புகுந்து ஆடவர் அனைவரையும் பாலைநிலத்திற்கு ஓட்டிச் செல்கிறது. அவர்களுள் சிக்கோவும் ஒருவன். லோர்க்கா என்னும் பெருநிலக்கிழான், மாண்டுபோன தன் மைந்தரின் நினைவாகப் பாழடைந்த ஓர் ஊரையும் தேவாலயத்தையும் மீண்டும் எழுப்ப அவர்களை அடிமைகளாக வேலை வாங்குகிறான். பெட்ரா கிறிஸைத் தேடி வருகிறாள். கிறிஸ் வின்னோடு சேர்ந்து, சிறையிலிருந்து இருவரை விலை கொடுத்து மீட்டு, வேறு இருவரையும் சேர்த்துக்கொண்டு செல்கிறான். அங்கே சிக்கோவும் கூட, மீண்டும் எழுவர் ஆகின்றனர். போர் நிகழ்கிறது. லோர்க்கா கிறிஸின் கையால் மடிகிறான். கிறிஸும் வின்னும் முன்போலவே புறப்படுகின்றனர்.

நடுநிலை தவறாதிருக்க, முதலில் இதன் நிறைகளைக் கூறுவோம். பிரின்னரின் நடையிலும் பார்வையிலும் மிடுக்குக் குறையவில்லை. பெர்ன்ஸ்டைன் தம் பழைய இசையையே தழுவி அமைத்தார். அந்தத் தழுவலும் ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. புதியவருள் வாரன் ஓட்ஸ் தம் குறும்பால் ஒளிர்கிறார். லோர்க்காவாக நடித்த எமிலியோ ஃபெர்னாண்டஸ், ‘மரியா காண்டெலாரியா’ என்னும் படத்தை இயக்கிக் கான் விழாவில் மெக்சிக்கோவிற்குப் பெருமை தேடித் தந்த மேதை. அவர் முகத்தில் ஒரு தந்தையின் வெறியும் வெறுமையும் தெரிகின்றன. பாதிரியாராக வரும் ஃபெர்னாண்டோ ரேயும் தேர்ந்த நடிகர். ஏறத்தாழ 95 நிமிடம் ஓடும் இப்படத்தைச் சலிப்பின்றிப் பார்க்கலாம்.

நடிகர் மாறினார் என்பதையும் நாம் பெருங்குற்றமாகக் கொள்ளவில்லை. மெக்குவீன் இல்லாத வின்னைக் கண்டு பலர் முகம் சுளித்தனர். ஆனால் வேடத்தை வேறொருவர் ஏற்பதால் மட்டும் ஒரு கலைப்படைப்பு கெட்டுவிடாது. நாடக மேடையில் இது நாள்தோறும் நடப்பதே. குற்றம் வேறிடத்தில் உள்ளது. அது முகமாற்றத்தினும் ஆழமானது.

பறிக்கப்பட்ட வெற்றி

கோடரி ஏந்திக் கொள்ளையரை விரட்டிய அந்த மக்கள் எங்கே? வழிப்படத்தின் தொடக்கத்திலேயே அவர்கள் மந்தைபோல் ஓட்டிச் செல்லப்படுகின்றனர். ஊராரின் எதிர்ப்பு நொடிப்பொழுதில் அடங்கிவிடுகிறது. அவர்களைக் காக்கக் கிறிஸ் மீண்டும் வருகிறான். லோர்க்கா பெரும்படையோடு எதிர்த்து வரும்போதாவது அவர்கள் எழுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. எழுவர் மட்டுமே அரணமைத்துப் போரிடுகின்றனர். உழவர் ஒதுங்கி நிற்கின்றனர். முன்னொரு நாள் தாம் கண்ட விடுதலையின் சுவடு அவர்கள் நெஞ்சில் சிறிதும் இல்லை.

இது கதையமைப்பில் நேர்ந்த சிறு பிழையன்று. எழுவர் திரும்ப வேண்டுமெனின் அவர்களுக்கு வேலை வேண்டும். அவர்களுக்கு வேலை வேண்டுமெனின் ஊரார் ஏதிலிகளாக இருத்தல் வேண்டும். எனவே, வீரரின் மறுவருகைக்காக உழவரின் வெற்றி பறிக்கப்பட்டது. கல்வேராவின் கொள்கையை முதற்படம் மறுத்தது. வழிப்படமோ அதனை வாய்திறவாமல் ஒப்புக்கொண்டது. ஆடுகள் ஆடுகளே, ஓநாய் மாறினும் மேய்ப்பன் வந்தாலன்றி அவற்றிற்கு வாழ்வில்லை என்பதுதான் இப்படம் அறிந்தோ அறியாமலோ கூறும் செய்தி. அவ்வாறாயின் பெர்னார்டோ எதற்காக மாண்டான்? துணிவிழந்திருந்த லீ, அடைபட்ட ஊராரை விடுவித்த கையோடு வீழ்ந்தானே, அவன் சாவிற்குப் பொருள் என்ன? வழிப்படம் இவ்வினாக்களைத் தொடவேயில்லை.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியும் நினைவிற் கொள்ளத்தக்கது. ‘வேரா குரூஸ்’ என்னும் 1954ஆம் ஆண்டுப் படம் தம் மக்களை இழிவுபடுத்திற்று என்று மெக்சிக்கோவில் மனக்கசப்பு நிலவிற்று. அதனால் முதற்படம் அந்நாட்டில் எடுக்கப்பட்டபோது தணிக்கையாளர் படப்பிடிப்பைக் கண்காணித்தனர். ஊரார் எடுத்தவுடனே அயலாரைக் கூலிக்கு அழைக்கக்கூடாது, தாமே போரிடத் துப்பாக்கி வாங்கவே செல்ல வேண்டும் என்பது அவர்களால் நேர்ந்த மாற்றம். ஊராரின் வெள்ளாடைகள் அழுக்கின்றித் தோன்றுவதும் அக்கண்காணிப்பின் விளைவே. புழுதியில் உழைப்பவனுக்குச் சலவை ஆடையா என்று நாம் நகைக்கலாம். ஆயினும் தம் உழவரின் மானத்தைக் காக்க அங்கே ஒருவர் நின்றார் என்பதை மறத்தல் ஆகாது. ஸ்பெயினில் எடுக்கப்பட்ட வழிப்படத்திற்கு அத்தகைய காவல் இல்லை. அக்காவலைக் கலைஞரின் மனச்சான்று ஏற்றிருக்க வேண்டும், அது நிகழவில்லை.

கைவிட்ட வாய்ப்புகள்

கதைக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்கலாம். வழிகள் வாயிலிலேயே காத்திருந்தன. சிக்கோவை எண்ணிப் பாருங்கள். உழவர் குடியிற் பிறந்து, அக்குடியை வெறுத்து வீரனாக விரும்பி, முடிவில் வீரத்தின் வெறுமையைக் கண்டு மண்வெட்டிக்குத் திரும்பியவன். ஆறு ஆண்டுகள் ஊரில் வாழ்ந்த அவன், அம்மக்களுக்குத் தற்காப்பைக் கற்பித்திருக்க மாட்டானா? கற்பித்தும் அவர்கள் தோற்றனர் என்றால், ஏன் தோற்றனர்? துப்பாக்கியைத் துறந்தவன் மீண்டும் அதனை எடுக்கும்போது அவன் நெஞ்சில் எழும் போராட்டம் எத்தகையது? பெட்ரா அதனை எவ்வாறு தாங்குவாள்? ஒரு முழுப்படத்திற்குப் போதுமான பொருள் இது. வழிப்படமோ சிக்கோவை எழுவர் என்னும் கணக்கை நிரப்பும் ஆளாகவே கொண்டது.

லோர்க்காவையும் எண்ணுக. கல்வேரா வயிற்றுக்காகக் கொள்ளையிட்டவன். லோர்க்காவோ இறந்த மைந்தருக்காக இறைவனுக்கு ஆலயம் எழுப்புகிறான். அதற்கு அடிமைகளின் குருதியைக் குழைக்கிறான். பக்தியும் கொடுமையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் இவ்வரிய பாத்திரம் கிடைத்தும், அதனைத் துருவிப் பார்க்க எவரும் முனையவில்லை. ராண்டால்ஃப் ஸ்காட் நடித்த ‘த டால் டி’ போன்ற படங்களுக்கு நாயகனும் பகைவனும் ஒருவரையொருவர் உரையாடி அளக்கும் காட்சிகளை அழகுற எழுதியவர் இதே பர்ட் கென்னடி. அவரிடமிருந்து நாம் இதனினும் மிகுதியாக எதிர்பார்த்தது தவறாகாது.

நல்ல வழிப்படம் உண்டா?

தொடர்ச்சி என்றாலே தோல்விதான் என்று முடிவுகட்டுவோரும் உளர். அது பிழை. குரோசவாவையே சான்றாகக் காட்டலாம். 1961இல் ‘யோஜிம்போ’ என்னும் படத்தில் ஊரூராய்த் திரியும் வாள்வீரன் ஒருவனை அவர் படைத்தார். மறு ஆண்டே ‘சஞ்சுரோ’ என்னும் படத்தில் அவனை மீண்டும் அழைத்து வந்தார். நடித்தவரும் அதே தோஷிரோ மிஃபூனே. ஆனால் இம்முறை ஒரு மூதாட்டி, உறையில்லாத வாள்போல் நீ இருக்கிறாய், நல்ல வாள் உறையிலேயே இருக்கும் என்னும் கருத்துப்பட அவனிடம் மென்மையாகக் கூறுகிறாள். அச்சொல் அவனை விடாது தொடர்கிறது. இறுதிச் சண்டையில் வென்றபின் தன்னைப் புகழும் இளைஞர்களை அவன் கடிந்துகொள்கிறான். முதற்படத்தில் நாம் கைதட்டிய வீரத்தையே இரண்டாம் படம் வினாவிற்கு உள்ளாக்குகிறது. முடிபினை மறுக்காமல், அதன் உள்ளே இன்னும் ஒருபடி இறங்குகிறது. இதுவே பின்னோன் வேண்டும் வேறுபாடு.

இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயும் அவ்வாறே செய்தார். ‘யோஜிம்போ’வைத் தழுவி 1964இல் எடுத்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தை அடுத்து, 1965இல் ‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’ வந்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் பணவேட்டைக்கு அருகே, தங்கையை இழந்த துயரத்தைச் சுமந்து வரும் லீ வான் கிளீஃபின் கர்னல் மார்ட்டிமரை நிறுத்தினார் லியோனே. பணத்திற்குக் கொல்பவனும், மனத்தின் புண்ணுக்குக் கொல்பவனும் ஒன்றாக நடக்கும்போது முதற்படத்தில் இல்லாத ஓர் ஆழம் பிறந்தது.

இவ்விருவரும் தம் நாயகரை மட்டும் திருப்பி அழைக்கவில்லை; ஒரு புதிய வினாவையும் உடன் அழைத்து வந்தனர். எழுவரின் வழிப்படத்தில் நாயகன் வந்தான், இசை வந்தது, குதிரைகள் வந்தன. வினா மட்டும் வரவில்லை.

பொழுதுபோக்கு என்னும் வாதம்

குதிரையும் துப்பாக்கியும் நிறைந்த படத்திற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு, பார்த்தோம் மகிழ்ந்தோம் என்று போவதல்லவா முறை எனச் சில அன்பர்கள் கேட்கக்கூடும். மகிழ்வதை நாம் தடுக்கவில்லை. ஆனால் முதற்படமும் பொழுதுபோக்குப் படமே. அதிலும் குதிரையும் துப்பாக்கியும் உண்டு. எனினும் அது இன்றளவும் நினைக்கப்படுகிறது. 2013இல் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. பல்லாயிரம் துப்பாக்கிப் படங்களுக்கிடையே அஃது ஒன்று நிலைத்ததற்குக் காரணம், சுடுவது பெரிதா விதைப்பது பெரிதா என்னும் வினாவை எழுப்பி, விதைப்பதே பெரிதெனத் துணிந்து கூறியமைதான். பொழுதுபோக்கின் வாயிலாக அவ்வளவு பெரிய உண்மையை உரைக்க முடியும் என்று முதற்படமே காட்டிவிட்ட பின், வழிப்படத்திடம் அதனை எதிர்பாராதிருப்பது அதற்கே நாம் செய்யும் அவமதிப்பாகும்.

இவ்வழக்கு இத்துடன் நிற்கவில்லை. 1969இல் ஜார்ஜ் கென்னடி கிறிஸ் ஆனார். 1972இல் லீ வான் கிளீஃப் கிறிஸ் ஆனார். 2016இல் டென்சல் வாஷிங்டனைத் தலைமையாகக் கொண்டு முதற்படமே புதிதாக ஆக்கப்பட்டது. எழுவரை அழைப்பது எளிது என்பதை இவை காட்டுகின்றன. உழவரை நினைப்பதுதான் அரிது.

ஆகவே தொடர்ச்சிப் படம் ஒன்றைக் காணச் செல்லும் சுவைஞர், பழைய நடிகர் வந்தாரா, பழைய இசை ஒலித்ததா, சண்டை பெரிதாயிற்றா என்று மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டா. முதற்படத்தில் எவர் எதனைப் பெற்றனர், அதற்கு எவர் உயிர் கொடுத்தனர் என்பதை நினைவிற் கொண்டு, பின்வந்தவர் அந்தப் பேற்றைக் காத்தனரா எனக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டால் ‘ரிட்டர்ன் ஆஃப் த செவன்’ பார்க்கத்தக்க படமே, போற்றத்தக்க தொடர்ச்சியன்று என்னும் தீர்ப்பே கிடைக்கும். தம்முடைய தோல்வியையும் உழவரின் வெற்றியையும் ஒப்புக்கொண்டு அன்று விடைபெற்றனர் கிறிஸும் வின்னும். அவர்கள் சொன்ன சொல் மெய்யாக வேண்டுமெனின், அந்த ஊர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஊராக வளர்ந்திருக்க வேண்டும்.